பீரோவுக்குக் கொடுத்த திட்டம்

கப்பல் பட்டறையில் ஒரு ஆளை எடுக்கப் போகிறார்கள் என்ற சேதி வந்த அன்றைக்கே மாஸ்டர் மனசுக்குள் பீரோ என்கிற பையனைத் தீர்த்துவிட்டார். ஒரே ஒரு பிடி சோற்றை இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தால் ஒருத்தனை எழுப்பி அனுப்பத்தானே வேண்டும்? அதற்குக் கத்தி கம்பு எதுவும் அவருக்குத் தேவையில்லை. அவர் ஜிம் நடத்துகிறவர்.

விஷயம் இதுதான். பட்டறைக்காரர்கள் வலுதூக்கும் அணி ஒன்று வைத்திருந்தார்கள். பாரைத் தோளில் வைத்துக் குந்தி எழும்ப வேண்டும், படுத்துக்கொண்டு தள்ள வேண்டும், தரையிலிருந்து தூக்கி நிமிர வேண்டும். மூன்றும் சேர்த்து யார் கணக்கு பெரிசோ அவன் ஜெயித்தவன். இந்த வருஷப் போட்டியில் அவர்களுக்கு ஆள் இல்லாத எடைப் பிரிவில் முதலாவது வருகிறவனுக்குப் பட்டறையில் நிரந்தர வேலை, குடியிருக்க வீடு. அந்தப் பிரிவில் ஊரில் இரண்டே பேர்தான் தேறுவார்கள். ஒருத்தன் மாஸ்டருடைய மாப்பிள்ளை. இன்னொருத்தன் பீரோ. இரண்டு பேரும் மாஸ்டரிடம்தான் தூக்கினார்கள். மாப்பிள்ளை போன வருஷப் போட்டிக்குப் பிறகுதான் இந்த ஜிம்முக்கு வந்தவர்.

மாப்பிள்ளை வேலை பார்த்த ஆலை மூடியதும் இரண்டு பையோடு மாமனார் வீட்டுக்கு வந்தார். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறோம் என்று மகள் சொன்னாள். அந்த ஒரு வாரம் இரண்டு வருஷமாகியும் முடியவில்லை. முன் அறையில் மாப்பிள்ளை குறட்டை விடுவார். மாஸ்டருடைய துண்டில் முகம் துடைப்பார். மகள் துணிக்கடையில் காலை முதல் இருட்டும்வரை நின்று வேலை செய்துவிட்டு, வீங்கின காலை வாளித் தண்ணீரில் விட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அந்தக் காலைப் பார்க்கும்போதெல்லாம் மாஸ்டருக்கு வயிறு எரியும். மாப்பிள்ளைக்கு அந்த வேலை கிடைக்க வேண்டும். மகள் உட்கார வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

பீரோ வீடு மாற்றும் கம்பெனியில் சாமான் தூக்குகிறவன். ஒற்றை ஆளாக இரும்புப் பீரோவை முதுகில் கட்டி மாடி ஏற்றினதைப் பார்த்துவிட்டு மாஸ்டர்தான் அவனை ஜிம்முக்குக் கூட்டி வந்தார். பேர் வைத்ததும் அவர்தான். அப்பா அம்மா இல்லாதவன். கம்பெனி கோடவுனிலேயே படுத்துக்கொள்வான். மாஸ்டர் சொன்னால் கிணற்றில் குதிப்பான் என்று ஊரே சொல்லும். மாஸ்டரும் அப்படித்தான் நம்பினார். அந்த நம்பிக்கை இப்போது கைக்கு வசதியாக இருந்தது.

கடைசி மூன்று வாரத்தில்தான் ஒரு ஆளை ஆக்குவதும் அழிப்பதும் இருக்கிறது என்பது மாஸ்டருடைய படிப்பு. மாதக்கணக்காக எடையை ஏற்றிக்கொண்டே போனால் பலமும் சேரும், களைப்பும் சேரும். களைப்பு மேலே கிடப்பதால் அடியில் இருக்கிற பலம் தெரியாது. போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு தடவை பெரிய எடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்புறம் குறைத்துக்கொண்டே வந்து, கடைசி வாரம் சும்மா உட்கார வைக்க வேண்டும். களைப்பு கழன்று விழும். அன்றைக்குப் பார்த்து மேடை ஏற்றினால் அவனே பயப்படுகிற எடையை அவன் தூக்குவான். அதே மூன்று வாரமும் குறைக்காமல் ஏற்றிக்கொண்டே போனால் ஆள் உள்ளுக்குள் நொறுங்கிப் போவான். வெளியே ஒன்றும் தெரியாது. முகம் கொஞ்சம் வெளிறும், தூக்கம் கெடும். மற்றதெல்லாம் மேடையில் தெரியும்.

மாப்பிள்ளைக்குக் குறைப்பது, பீரோவுக்கு ஏற்றுவது. அதுதான் மாஸ்டர் போட்ட திட்டம்.

"பீரோ, இன்னைக்கும் ஏத்துடா."

"முந்தாநாள்தானே மாஸ்டர் ஏத்தினோம்?"

"முந்தாநாள் சாப்பிட்டேன்னு இன்னைக்குப் பட்டினியா கிடக்கிறே? ஏத்து."

பீரோ ஏற்றினான். மறுபேச்சு கிடையாது. அந்தப் பக்கம் மாப்பிள்ளை பெல்ட்டை இன்னொரு ஓட்டைக்கு இறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, நீங்க போதும். இறங்குங்க."

"என்ன மாமா, எனக்கு வேர்வையே வரல."

"வேர்வைதான் வேணும்னா போய் வெயில்ல நில்லுங்க."

ஜிம்மே சிரித்தது. மாப்பிள்ளை சிரிக்கவில்லை. மாஸ்டர் தன் கையாலேயே பீரோவுக்குத் தட்டு மாட்டுவதையும், முதுகில் தட்டிக் கொடுப்பதையும், "இன்னொண்ணுடா ராஜா" என்று கொஞ்சுவதையும் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் சாப்பிடும்போது கேட்டேவிட்டார்.

"அவனுக்கு மட்டும் நாளுக்கு நாள் ஏத்துறீங்க. என்னைப் போய்ப் படுங்கன்றீங்க. இது என்ன நியாயம் மாமா?"

"அவன் உடம்பு வேற, உங்க உடம்பு வேற."

மகள் தட்டில் குழம்பை ஊற்றியபடியே சொன்னாள். "என்ன வேற? தராசுல ரெண்டு பேரும் ஒரே எடைதானே நிக்கிறாங்க?"

"உனக்கு என்ன தெரியும்? பேசாம பரிமாறு."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. நின்னுக்கிட்டே இருக்கத்தான் தெரியும்."

"முட்டி வேற குத்துது மாமா. தோள் பிடிக்குது. பலமே போன மாதிரி இருக்கு" என்றார் மாப்பிள்ளை.

ஓய்வு கொடுத்தால் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். தூக்கிப் பழகினவனைச் சும்மா உட்கார வைத்தால் இல்லாத வலியெல்லாம் வரும். பைத்தியம் பிடிக்கும். அதை மாஸ்டர் சொல்லியிருக்கலாம். "உங்களுக்குக் கொடுத்ததுதான் மருந்து, அவனுக்குக் கொடுத்தது விஷம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. மாப்பிள்ளை வாயில் ஒரு சேதியைப் போட்டால் சாயங்காலத்துக்குள் டீக்கடை வரைக்கும் போய்விடும். மகளிடம் சொன்னால் அவள் புருஷன் காதில் ஓதுவாள். தன் வாயைத் தவிர வேறு யார் வாயையும் மாஸ்டர் நம்பினதில்லை. "சொன்னதைச் செய்யுங்க மாப்பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை கேள்வி கேட்பதை விட்டுவிட்டார். சாப்பிட்டதும் சட்டை மாட்டிக்கொண்டு "வேலை தேடிப் போறேன்" என்று மத்தியானத்தில் கிளம்பிவிடுவார். சாயங்காலம் வந்து பிணம்போல் தூங்குவார். இரண்டு வருஷம் கழித்து மனுஷனுக்குச் சொரணை வந்துவிட்டது என்று மாஸ்டர் சந்தோஷப்பட்டார்.

பீரோவைப் பார்த்து இன்னும் சந்தோஷப்பட்டார். இரண்டாவது வாரமே அவன் ஆட்டம் கண்டுவிட்டான். போன மாதம் விளையாட்டாக எழுந்த எடையோடு கீழே போனவன் எழும்பவில்லை. பாரைப் பக்கத்துத் தாங்கு கம்பிமேல் போட்டுவிட்டு நாலு காலில் தவழ்ந்து வெளியே வந்தான்.

"முடியல மாஸ்டர்."

"முடியலன்னு சொல்ற வாய்க்குச் சாப்பிட மட்டும் முடியுதாடா? திரும்பப் போடு."

திரும்பப் போட்டான். திரும்ப விழுந்தான். அடுத்த நாள் அதைவிடச் சின்ன எடையில் விழுந்தான். பக்கத்தில் தூக்கிக்கொண்டிருந்த லாரி மெக்கானிக், "மாஸ்டர், அவன் மூஞ்சியப் பாருங்க. ரெண்டு நாள் விட்டுடுங்களேன்" என்றார்.

"உனக்கு வண்டி ரிப்பேரு. எனக்கு ஆளு ரிப்பேரு. உன் வேலையப் பாரு."

மாஸ்டருக்குப் பாவமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. பீரோ விழுகிற சத்தம் அவருக்கு மகள் கால் மடக்கி உட்காருகிற மாதிரிக் கேட்டது. மனுஷன் எங்கே வேண்டுமானாலும் நடிப்பான், பாருக்கு அடியில் நடிக்க முடியாது என்பது அவருடைய வேதம். கண்ணால் பார்க்கிறார், ஆள் நொறுங்குகிறான். வேறு என்ன சாட்சி வேண்டும்?

போட்டி நாளும் வந்தது. பெரிய அரங்கத்துக்குப் பின்னால் உடம்பைச் சூடாக்குகிற அறை. வலி மருந்து வாசனை, ரப்பர் விரிப்பு வாசனை, கையில் தடவுகிற வெள்ளைப் பவுடர் புகைபோல் பறந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளைக்கு முட்டித் துணி சுற்றிவிட மாஸ்டர் குனிந்தார். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் தோல் உரிந்து சிவப்பாக இருந்தது. பார் உரசின காயம், பழசு இல்லை. மாஸ்டர் நிமிர்ந்து மாப்பிள்ளையின் சட்டையைப் பின்னால் தூக்கிப் பார்த்தார். தோள்பட்டைக்குக் கீழே பார் கிடக்கிற இடம் கன்றிக் கறுத்திருந்தது.

"இது என்ன மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை சிரித்தார். "இனிமே மறைச்சு என்ன ஆகப் போகுது? பீரோவுக்கு நீங்க என்ன போட்டீங்களோ அதையே நானும் போட்டேன். ஒரு நாள் விடல."

"எங்க போட்டீங்க?"

"அவன் கோடவுன்ல. ஏதோ மூடின ஜிம்மோட சாமானெல்லாம் அங்க கிடக்கு. போய்க் கேட்டேன். பாவம், அவனே பின்னாடி நின்னு பிடிச்சான். நீங்க வெளியாளுக்குக் கொடுத்தத அந்த வெளியாளே எனக்குக் கொடுத்தான் மாமா. அந்த மனசு உங்களுக்கு இல்ல."

முதல் எடையை இப்போதுகூட ஒரு தடவை மாற்றலாம். தொடங்கின பிறகு குறைக்க முடியாது. மூன்று தடவையும் எழும்பவில்லை என்றால் ஆட்டத்திலேயே இல்லை.

"மாப்பிள்ளை, முதல் எடையக் குறைச்சுடுவோம். நல்லாக் குறைச்சு, ஒண்ணாவது எழும்பிடட்டும்."

"பார்த்தீங்களா? இங்க வந்தும் குறைக்கறதுலயே இருக்கீங்க."

மாஸ்டர் அவர் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தரிடம் மனசில் இருப்பதை அப்படியே சொன்னார்.

"அது பீரோவ முடிக்கறதுக்காகப் போட்டது. அத நீங்க எடுத்துக் குடிச்சுட்டீங்க. உங்க உடம்புல இப்ப ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை. சொன்னாக் கேளுங்க."

மாப்பிள்ளை கையை உதறி விடுவித்துக்கொண்டார். அப்புறம் தலையை ஆட்டினார்.

"மாமா, அவன் உங்க பிள்ளை மாதிரி. அவன முடிக்க நினைச்சேன்னு என்கிட்டயே சொல்றீங்களே. என்னைக் கவுக்கறதுக்கு இவ்வளவு தூரம் இறங்கணுமா? வழிய விடுங்க."

பேர் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை போனார்.

முதல் தடவை கீழே போனார், பாதி எழுந்தார், நின்றுவிட்டார். பக்கத்தில் நின்றவர்கள் பாரைப் பிடித்துக்கொண்டார்கள். செல்லாது என்று நடுவர்களின் மூன்று சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டாவது தடவை பாதிகூட எழவில்லை. மேடைக்குக் கீழே மகள் நின்றிருந்தாள், கடையில் கெஞ்சி லீவு போட்டுக்கொண்டு வந்தவள். "எந்திரிங்க, எந்திரிங்க" என்று அவள் கத்தியது அரங்கம் முழுக்கக் கேட்டது. மூன்றாவது தடவை மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. திறந்து பார்த்தபோது மாப்பிள்ளை மேடையில் உட்கார்ந்திருந்தார். முட்டிச் சில்லு இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே ஏறி நின்றது.

அவரைத் தூக்கிக்கொண்டு போன வழியிலேயே பீரோ மேடை ஏறினான். எடை ஏதோ அவனிடம் கடன்பட்டது மாதிரி சொன்னபடி கேட்டது. குந்தினான், எழுந்தான். மூன்று வெள்ளை விளக்கு. படுத்துத் தள்ளினதிலும் தரையிலிருந்து தூக்கினதிலும் அப்படியே. கடைசி எடை ஜிம்மில் அவன் ஒரு நாளும் தூக்காதது. அதைத் தூக்கி நிமிர்ந்து, நடுவர் கை காட்டும்வரை மாஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். மாஸ்டருக்கு அப்போதுதான் புரிய ஆரம்பித்தது. களைத்தவன் முகம் இல்லை அது. இரண்டு வாரம் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினவன் முகம்.

பின்னறையில் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தவனிடம் போய் நின்றார்.

"நடிச்சியாடா?"

"ஆமா மாஸ்டர்."

"விழுந்தியே, தவழ்ந்தியே?"

"விழறதுக்கு என்ன பலமா வேணும்? சின்னதா ரெண்டு தடவை தூக்கிட்டு, பெருசு வந்ததும் விழுந்துடுவேன். வேலைக்கும் லீவு. கோடவுன்ல யார் வீட்டு மெத்தையோ கிடந்துச்சு, அதுல படுத்துக்கிட்டேன்."

"அங்க அவரு தூக்கினாரே?"

"அவரு தூக்கினாரு. நான் படுத்துக்கிட்டே 'இன்னொண்ணு அண்ணே, இன்னொண்ணு அண்ணே'ன்னு சொன்னேன். நீங்க சொல்ற மாதிரியே."

"எப்படா கண்டுபிடிச்சே?"

"போன வருஷமும் நான்தானே இருந்தேன்? கடைசி மூணு வாரம் எல்லாரையும் குறைச்சு உக்கார வெச்சீங்க. இந்த வருஷம் எனக்கு மட்டும் ஏத்தினீங்க. பீரோன்னு பேரு வெச்சுட்டா மூளையும் தகரமாயிடுமா? முதல்ல நான் நம்பல மாஸ்டர். நம்ம மாஸ்டராச்சேன்னு நினைச்சு ஒரு நாள் சும்மா விழுந்து பார்த்தேன். நான் விழறப்ப நீங்க சிரிச்சீங்க."

"அவரு உனக்கு என்னடா செஞ்சாரு? கால் போச்சேடா."

"ஒண்ணும் செய்யல. நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?"

பட்டறைக்காரர்கள் இரண்டு பேர் வந்து பீரோவின் கையைக் குலுக்கினார்கள். மாஸ்டர் கையையும் குலுக்கினார்கள். "உங்க ஆளாமே? நல்லாத் தயார் பண்ணியிருக்கீங்க" என்றார்கள். மாஸ்டர் தலையை ஆட்டினார்.

ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளையின் காலை நீட்டிக் கட்டி, அறுவை செய்ய நாள் சொல்லி அனுப்பினார்கள். இனி எடை தூக்குவது கிடையாது, மூட்டை வேலையும் கிடையாது என்று டாக்டர் மகளிடம் சொன்னார். வீடு மூன்றாவது மாடி. ஆம்புலன்ஸ்காரர்கள் வாசலோடு சரி. எங்கிருந்தோ பீரோ வந்து நின்றான். சாமான் கட்டுகிற பட்டையை எடுத்து மாப்பிள்ளையை முதுகோடு சேர்த்துக் கட்டினான்.

"சுவத்துல இடிச்சுடாத தம்பி" என்று மகள் முன்னால் ஓடினாள்.

"நீங்க கதவத் திறந்து வைங்க அண்ணி. ஒரு கீறல் விழாது."

கீறல் விழாமல்தான் கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தினான். தலைக்குத் தலையணை வைத்தான். மாப்பிள்ளை அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீயாவது ஜெயிச்சியே. நீ மட்டும்தான்டா எனக்கு உண்மையா இருந்தே." பீரோ அந்தக் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. முகத்திலும் ஒன்றும் காட்டவில்லை.

மகள் கதவோரம் நின்ற அப்பாவிடம் திரும்பினாள்.

"அப்பா, அவரு சொல்றது நிஜமா?"

"என்ன சொன்னாரு?"

"நல்ல திட்டத்த இவனுக்குக் கொடுத்துட்டு, அவரச் சும்மா உக்கார வெச்சு ஏமாத்தினீங்கன்னு. அதனாலதான் அவரு திருட்டுத்தனமாப் போய்த் தூக்கினாராம். உடம்பு பழகாம கால் போச்சாம். நிஜமா?"

மாஸ்டர் பீரோவைப் பார்த்தார். பீரோ பட்டையைச் சுருட்டிக்கொண்டு, இவர் என்ன சொல்லப் போகிறார் என்று பொறுமையாக நின்றான். அவனுக்கு எதைச் சொன்னாலும் நஷ்டமில்லை.

உண்மையைச் சொன்னால், உன் புருஷன் காலை உடைத்தது நான் காய்ச்சின விஷம் என்று சொல்ல வேண்டும். ஒரு அநாதையை முடிக்கப் பார்த்தேன் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாளைக்கு அந்த ஜிம்மில் எவன் தன் முதுகைக் கொடுத்து நிற்பான்? வீட்டில் மூன்று வயிறு இருக்கிறது, மாப்பிள்ளையால் இனி மூட்டைகூடத் தூக்க முடியாது. மாஸ்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். கணக்கில் மகளின் முகம் வரவில்லை.

"ஆமா" என்றார். "நல்லத அவனுக்குத்தான் கொடுத்தேன். தூக்கறவனுக்குத்தானே கொடுக்க முடியும்?"

மகள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பீரோ முதல் தடவையாகச் சிரித்தான், சத்தமில்லாமல். "வரேன் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினான்.

காலையில் ஜிம் வாசலில் நாலு பேர் நின்றார்கள், நல்ல தோளும் தொடையும் உள்ள ஆட்கள். பக்கத்து ஊர்ப் போட்டிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது என்றார்கள்.

"பீரோவுக்குக் கொடுத்த அதே திட்டம் வேணும் மாஸ்டர்."

"கடைசி மூணு வாரம் குறைக்கணும்" என்றார் மாஸ்டர். "குறைச்சு, ஓய்வு கொடுத்து..."

நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அதில் மூத்தவன், உதட்டுச் சிரிப்போடு சொன்னான்:

"குறைச்சு உக்கார வெச்சு உங்க மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு ஊருக்கே தெரியும். எங்ககிட்ட அந்த வேலை வேணாம். பீரோவ எப்படி ஏத்துனீங்கன்னு மெக்கானிக் அண்ணன் சொல்லிட்டாரு. தர முடியாதுன்னா சொல்லிடுங்க, நாங்க வேற ஜிம் பார்த்துக்கறோம்."

மாஸ்டர் நாலு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். நாலும் நல்ல முட்டி. கதவை அகலத் திறந்துவிட்டார்.

"சரி, வாங்க. ஏத்துங்க."